பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி

என் கண் மங்கத் தொடங்கியது மைக்ரோபிலிமால்தான். கண் வைத்தியர் அதை வயது என்றார். வயது எல்லோருக்கும் வரும். செத்துப்போன வெள்ளைக்காரரின் ஞானஸ்நானப் பதிவுகளை எட்டு வருடம் அரையிருட்டில் குந்தியிருந்து வரிவரியாக உருட்டிப் பார்க்கும் விதி எல்லோருக்கும் வருவதில்லை.

நான் லண்டனுக்கு வந்தது எண்பதுகளின் நடுவில். அதற்கு முன் யாழ்ப்பாணத்தில் காணிப் பத்திரம் எழுதும் ஒரு நொத்தாரிசிடம் பதினைந்து வருடம் எழுத்தராக இருந்தேன். காணி உறுதிகளைப் படியெடுப்பதும், ஒரு காணி யாரிடமிருந்து யாருக்கு எப்படி வந்தது என்று பழைய உறுதிகளைக் கிளறிப் பார்ப்பதும்தான் வேலை. லண்டனில் அந்தப் படிப்புக்கு பெட்ரோல் நிலையத்தில் ஒரு ஷிப்ட் கிடைத்தது. பிறகு ஒருநாள் ஆர்ச்வேயில் பேப்பர்க் கடைக் கண்ணாடியில் ஒரு அட்டையைக் கண்டேன். பழைய கையெழுத்து வாசிக்கப் பொறுமையுள்ள ஒருவர் தேவை என்று எழுதியிருந்தது. பொறுமை என்னிடம் வேறு ஒன்றுக்கும் உதவாமல் நிறையவே கிடந்தது.

அட்டை போட்டவர் ஆர்ச்வேக்கு மேலே மேட்டுப் பக்கம் தனியாக இருந்த ஒரு சீமாட்டி. அமெரிக்காவிலும் கனடாவிலும் இருப்பவர்கள் தங்கள் பாட்டன் பூட்டன் எந்த ஊரிலிருந்து கப்பலேறினான் என்று கேட்டு எழுதுவார்கள். இவர் பதிவுகளில் தேடிப் பதில் அனுப்புவார். இடுப்பெலும்பு முறிந்தபின் படியேற முடியாமல் போனதால் அவருக்கு இரண்டு காலும் இரண்டு கண்ணும் தேவைப்பட்டன. பரீட்சையாக ஒரு பழைய மரண சாசனத்தின் படியைத் தந்தார். பாதிக்குமேல் வாசித்துவிட்டேன். இவ்வளவு மோசமான எழுத்தை எங்கே படித்தீர்கள் என்று கேட்டார். என் நொத்தாரிசின் எழுத்து இதைவிட மோசம் என்றேன். அவர் சிரித்துவிட்டு வேலையைத் தந்தார். லத்தீனில் முப்பது நாற்பது தொடர்களைப் பாடமாக்கிக்கொண்டேன். உறுதி எழுதுகிறவர்கள் எந்த நாட்டிலும் ஒரே சாதிதான்; சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வார்கள், ஆள் பெயரும் எல்லைகளும்தான் மாறும்.

அந்த நாட்களில் என் தங்கச்சியும் என்னோடு வந்து சேர்ந்துவிட்டாள். எங்களுக்குத் தாய் தகப்பன் இல்லை. அவளை ஒரு கரையில் சேர்த்துவிட்டுத்தான் எனக்குக் கலியாணம் என்று இருந்தேன்; சேர்த்தும் வைத்தேன். அவளுடைய சீதன உறுதியை என் கையாலேயே எழுதினேன். இரண்டாம் வருடம் அவள் புருஷனை ஆமி பிடித்துக்கொண்டு போனது, நாலாம் நாள் உடம்பு கிடைத்தது. லண்டனுக்கு வந்து இறங்கும்போது அவளுக்கு முப்பது வயது. விமானங்களுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுக்கும் ஒரு தொழிற்சாலையில் பின்னேர ஷிப்ட் கிடைத்தது. வெள்ளைக் கோட், வெள்ளைத் தொப்பி. ஆர்ச்வேயில் ஒரு மேல்மாடி அறையும் குசினியுமாக நாங்கள் இருவரும் இருந்தோம். அவள் வேலையால் வரும்போது நான் நித்திரை. நான் வேலைக்குப் போகும்போது அவள் நித்திரை. அவளுக்கு லீவான வெள்ளி இரவும் சனிக்கிழமை பகலும்தான் ஆளை ஆள் பார்த்துக்கொள்வோம்.

என்னை இந்த எழுத்துக்கு இழுத்துவந்தது ஒரு அமெரிக்கக் கிழவருடைய கடிதம். கனெக்டிகட்டில் மருந்துக்கடை வைத்திருந்து ஓய்வுபெற்றவர், எண்பதைத் தொட்டவர். அவருடைய தகப்பன் குடும்ப வரலாறு ஒன்றைத் தட்டச்சில் அடித்து வைத்திருந்தார். முதற் பக்கத்தில், முந்நூற்றைம்பது வருடத்துக்கு முன் கப்பலேறிப்போன புருஷனும் பெண்சாதியும். புருஷனுடைய பெயர், ஊர், தொழில் எல்லாம் இருந்தன. பெண்சாதிக்கு முதற் பெயர் மட்டும்தான். அவள் பிறந்த குடும்பத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெற்றிடமும், அதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் இருந்தன. என் தகப்பன் அந்தக் கேள்விக்குறியோடு செத்தார், நான் அதோடு சாக விரும்பவில்லை என்று கிழவர் எழுதியிருந்தார். அந்தப் பெண்ணுக்கு ஏழு பிள்ளைகள். அந்த ஏழு பேரிலிருந்து கிளைத்த எல்லோரையும் சேர்த்து ஒரு புத்தகம் அச்சடிக்க அவர் காத்திருந்தார்.

எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. எங்கள் பெண்களுக்குத் தொலைப்பதற்கு ஒரு குடும்பப் பெயரே கிடையாது. கலியாணத்துக்கு முன் தகப்பன் பெயர், பின்னால் புருஷன் பெயர், அவ்வளவுதான். அகதி விண்ணப்பத்தில் தாயின் கன்னிப் பெயர் என்ன என்று கேட்டபோது நான் அம்மப்பாவின் பெயரை எழுதிவிட்டு வந்தவன். பெண்ணின் பெயரைத் தொலைப்பதில் வெள்ளைக்காரரும் நாங்களும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள் என்பது அந்தக் கோப்பைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

ஒன்றரை வருடம் தேடினேன். மற்ற வேலைகளுக்கு நடுவில்தான். அந்த ஊர்ப் பதிவில் அவர்களுடைய கலியாணம் இல்லை. அக்கம்பக்கத்துப் பன்னிரண்டு ஊர்களிலும் இல்லை. சில புத்தகங்களை எலி தின்றிருந்தது, சில ஈரத்தில் கரைந்திருந்தன. சான்சரி லேன் பக்கம் பழைய பதிவுகள் வைத்திருக்கும் கட்டடத்தில் பென்சிலோடு மட்டும் உள்ளே போய், மத்தியானம் வெளிப்படியில் நின்று பாணும் சம்பலும் தின்றுவிட்டுத் திரும்ப உள்ளே போவேன். வீட்டுக்கு வந்தால் சுவரிலும் எழுத்து ஓடும்.

கடைசியில் என் நொத்தாரிசின் வாக்குத்தான் கைகொடுத்தது. ஆளைத் தேடாதே, காணியைத் தேடு என்பார் அவர். யாழ்ப்பாணத்தில் காணி பெரும்பாலும் பெண் வழியாகத்தான் நகரும். தாய்க்குச் சீதனமாக வந்தது மகளுக்குச் சீதனமாகப் போகும். பெயர் எத்தனை தரம் மாறினாலும் காணி அதே இடத்தில் கிடக்கும். நான் அந்த ஊர்ப் பிரபுவின் காணி நீதிமன்றப் பதிவுகளைக் கேட்டு எடுத்தேன். நீளமான தோல் சுருள்கள். மூன்றாம் சுருளில் ஆள் அகப்பட்டான். கப்பலேறுவதற்கு முந்திய வருடம் புருஷனும் பெண்சாதியும் மன்றுக்கு வந்து, பெண்சாதியின் உரிமையில் வந்த வீட்டையும் மூன்று ஏக்கரையும் விற்றிருக்கிறார்கள். அந்தக் காணி முன்பு எந்தக் குடும்பத்திடம் இருந்தது என்பதும் அதே பதிவில் இருந்தது. அந்தக் குடும்பத்தில் அதே முதற் பெயரோடு ஒரு பெண்பிள்ளைக்கு ஞானஸ்நானம் நடந்திருப்பதும் ஊர்ப் பதிவில் அகப்பட்டது, வயதும் பொருந்தியது.

அந்தப் பதிவின் நடுவில் ஒரு வழமையான வரி இருந்தது. பெண்சாதியின் காணியை விற்கும்போது, மன்றின் அதிகாரி புருஷனை விலக்கிவிட்டு அவளைத் தனியே விசாரிக்க வேண்டும். அவள் யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சம்மதிக்கிறாள் என்று எழுத வேண்டும். எங்கள் சட்டத்தில் புருஷன் கையெழுத்து வைக்காமல் பெண் தன் சீதனக் காணியையே விற்க முடியாது. அவளைத் தனியே கூப்பிட்டு விருப்பமா என்று கேட்கும் வழக்கம் நான் எழுதிய எந்த உறுதியிலும் இல்லை. விசித்திரமாக இருந்தது. படியெடுத்துவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.

சீமாட்டி என் அறிக்கையை இரண்டு தரம் வாசித்தார்.

"இதற்கு முந்திய சுருளைப் பார்த்தீர்களா? காணி அவளிடம் எப்படி வந்தது என்று அதில்தானே இருக்கும்."

முந்திய சுருள் லண்டனில் இல்லை. கவுண்டிக் காப்பகத்தில் இருந்தது. இரண்டு ரயில், ஒரு பஸ், ஒரு முழு நாள். எனக்குக் களைப்பாக இருந்தது. அதைவிடப் பெரிய காரணம், எனக்குச் சந்தேகமே இல்லை.

"பெண்ணோடு வந்த காணி தகப்பன் வீட்டிலிருந்துதான் வரும். வேறு எங்கிருந்து வரும்? நூறு வீதம்" என்றேன்.

பதினைந்து வருட அனுபவத்தோடு அதைச் சொன்னேன். அவர் என்னை நம்பிக் கையெழுத்து வைத்தார். கிழவருக்குக் கடிதம் போனது. கேள்விக்குறியை எடுத்துவிட்டேன், அன்று பகல் முழுவதும் அழுதேன் என்று அவர் பதில் எழுதினார்.

அதே வாரம் வெள்ளிக்கிழமை ஆர்ச்வே முருகன் கோயிலில் சாப்பாடு முடிந்து கை கழுவும் இடத்தில் ஒருவர் என்னை மறித்தார். சாப்பாடு பரிமாறுகிற ஆட்களில் ஒருவர், நிலக்கீழ் ரயில் நிலையத்தில் வேலை, முப்பத்தைந்து வயது இருக்கும். பழக்கமான முகம்தான். சோற்று வாளி இன்னும் கையில் இருந்தது.

"அண்ணை, உங்களோடை ஒரு விசயம் கதைக்க வேணும். கோவிக்கக் கூடாது."

"சொல்லும் தம்பி."

"உங்கட தங்கச்சியை எனக்குத் தருவியளோ எண்டு கேக்கத்தான்."

"தம்பி, அவ கலியாணம் முடிச்ச பிள்ளை."

"தெரியும் அண்ணை. எல்லாம் தெரிஞ்சுதான் கேக்கிறன்."

"தெரிஞ்சால் பிறகென்ன கதை? உமக்கு வேறை பொம்பிளை கிடையாதோ?"

அவர் கோபிக்கவில்லை. வாளியைக் கீழே வைத்தார்.

"அவவை ஒருக்கால் கேட்டுப் பாருங்கோவன்."

"அவவைக் கேக்க என்ன இருக்கு?" என்று சொல்லிவிட்டு நான் வாசலில் கழற்றிய சப்பாத்தைத் தேடிப் போனேன்.

நான் கெட்டவன் இல்லை என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். தங்கச்சியை ஒரு அவமானத்திலிருந்து காப்பாற்றியதாகவே நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் அவள் தேத்தண்ணி தந்துகொண்டே, கோயிலில் யாரோடு கதைத்துக்கொண்டு நின்றீர்கள் என்று கேட்டாள். அவள் பெண்கள் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறாள். தேர்த் திருவிழா வேலையைப் பற்றி என்றேன். "ம்" என்றாள்.

அடுத்த வருடம் அந்தத் தம்பியின் கலியாண அட்டை வந்தது. ஹரோவில் ஒரு மண்டபம். தங்கச்சி லண்டனுக்கு வந்தபின் ஒரு கலியாணத்துக்கும் வந்ததில்லை. நான் கூப்பிடுவதும் இல்லை. அன்றைக்கு "நானும் வாறன்" என்றாள். நீலத்தில் ஒரு சேலை கட்டியிருந்தாள். எனக்குச் சந்தோஷம், பிள்ளை கொஞ்சம் தேறிவிட்டாள் என்று. பின்வரிசையில் இருந்தோம். அறுகரிசி போட்டு வாழ்த்த மேடைக்கு வரச்சொன்னபோது எல்லோரும் எழும்பினார்கள், அவள் எழும்பவில்லை. எங்களில் புருஷனை இழந்தவர்கள் அதற்குப் போவதில்லை என்பதால் நானும் அதை வித்தியாசமாக நினைக்கவில்லை. சாப்பிட்டோம், ரயில் ஏறி வந்தோம். சாப்பாடு நல்லா இருந்தது என்று சொன்னாள்.

கிழவரின் புத்தகமும் அந்தக் காலத்தில்தான் வந்தது. தடித்த பச்சை அட்டை. முதற் பக்கத்தில் அந்தப் பெண்ணின் பெயர் முழுதாக, கேள்விக்குறி இல்லாமல் இருந்தது. நன்றி சொல்லும் பக்கத்தில் என்னைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருந்தார். பின்னால் இருநூறு பக்கம் பிள்ளை, பேரன், பூட்டன். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து குசினி மேசையில் வைத்தேன். என் வாழ்க்கையில் அச்சில் வந்த வேலை அது ஒன்றுதான்.

மறு வருடம் மாரியில், வேறு ஒரு வாடிக்கையாளருக்காக அதே ஊர் மரண சாசனங்களை மைக்ரோபிலிமில் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தேவையான ஆளுக்கு முதல் இன்னொருவனுடைய சாசனம் வந்தது. கப்பலேறிய பெண்ணுக்குப் பிறந்த வீட்டுப் பெயராக நான் எழுதிக் கொடுத்த அதே குடும்பப் பெயர். வாலிபன், காய்ச்சலில் படுத்திருக்கிறான். தன் வீட்டையும் மூன்று ஏக்கரையும் பெண்சாதிக்கு எழுதிவைக்கிறான். பெண்சாதியின் முதற் பெயர் அதே பெயர். அவள் மறுபடி கலியாணம் செய்தாலும் செய்யாவிட்டாலும் அது அவளுக்கே என்று ஒரு வரியும் எழுதுவித்திருக்கிறான்.

நான் அந்த இயந்திரத்தை நிறுத்திவிட்டு இருந்தேன். பக்கத்து மேசைக்காரர் சுகமில்லையா என்று கேட்டார்.

மறுநாள் இரண்டு ரயிலும் ஒரு பஸ்ஸும் ஏறிப் போய் முந்திய சுருளைப் பார்த்தேன். எல்லாம் அதில் இருந்தது. அவள் விதவையாக மன்றுக்கு வந்து அந்தக் காணியைப் பொறுப்பேற்றிருக்கிறாள். ஊர்ப் பதிவில் நான் கண்ட பெண்பிள்ளை அவளில்லை, அந்தக் குடும்பத்திலேயே பிறந்த வேறொருத்தி. இரண்டாவது புருஷனோடுதான் கப்பலேறியிருக்கிறாள். நான் கிழவருக்குக் கொடுத்தது அவளுடைய முதற் புருஷனின் பெயர். தகப்பன் பெயர் இப்போதும் தெரியாது.

இந்தத் தொழிலில் கத்துக்குட்டிக்கும் தெரிந்த விஷயம் இது. ஒரு பெண்ணின் பெயரைக் கண்டால் அது பிறந்த பெயரா, முந்திய புருஷனின் பெயரா என்று முதலில் பார்க்க வேண்டும். சீமாட்டி எனக்கு அதை முதல் மாதமே சொல்லித் தந்தவர். கேட்டுத் தலையாட்டினேன்தான். ஆனால் என் மண்டைக்குள் புருஷன் செத்த பெண்ணுக்கு அதற்குப் பிறகு ஒரு கதை இல்லை. அதனால் அந்தப் பக்கம் தேடவே இல்லை. திரும்பி வரும் ரயிலில் யன்னலோடு சாய்ந்து இருந்தபோது கோயிலில் கை கழுவிய இடம் ஞாபகம் வந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

கிழவருக்குக் கடிதத்தை நானே எழுதினேன். மூன்று பக்கம். என்ன பிழை, எப்படி வந்தது, ஏன் முந்திய சுருளைப் பார்க்கவில்லை என்று ஒன்றையும் மறைக்காமல் எழுதி மன்னிப்புக் கேட்டேன். அவர் ஏசுவார் என்று நினைத்தேன். பதிலில் ஏச்சு இல்லை. திருத்தச் சீட்டு அச்சடித்து, மகளோடு சேர்ந்து ஒவ்வொரு புத்தகத்திலும் ஒட்டிக்கொண்டிருப்பதாகவும், காய்ச்சலில் செத்த அந்த வாலிபனைத் தெரிந்துகொண்டதில் சந்தோஷம் என்றும் எழுதியிருந்தார். எனக்கும் ஒரு சீட்டு வைத்திருந்தார். அதில் அவளுடைய முதற் பெயர், முதற் புருஷனின் பெயர், பிறகு பிறந்த பெயருக்காக ஒரு வெற்றிடமும் கேள்விக்குறியும்.

சனிக்கிழமை மத்தியானம் குசினி மேசையில் வைத்து அந்தச் சீட்டை ஒட்டிக்கொண்டிருந்தேன். தங்கச்சி வேலைக்குப் போடும் வெள்ளைக் கோட்டை அயர்ன் பண்ணிக்கொண்டு நின்றாள்.

"என்னண்ணை, புத்தகம் கிழிஞ்சு போச்சோ?"

"இல்லைப் பிள்ளை. நான் ஒரு பிழை விட்டிட்டன்."

சொன்னேன். காணி, மரண சாசனம், காய்ச்சல், செய்தாலும் செய்யாவிட்டாலும் என்ற வரி, எல்லாம் சொன்னேன். மன்றில் புருஷனை வெளியே விட்டுவிட்டு அவளைத் தனியே கூப்பிட்டுக் கேட்டதையும் சொன்னேன்.

"என்னத்தைக் கேட்டவை?"

"காணியை விக்க உனக்கு விருப்பமோ எண்டு."

அயர்ன் கோட்டின் மேலேயே நின்றது. பிறகு எடுத்து நிமிர்த்தி வைத்தாள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று தெரிந்தும் நான் வாயைத் திறந்தேன்.

"அந்த ரயிலிலை வேலை செய்த தம்பி உன்னை என்னட்டைக் கேட்டவர். கோயிலிலை வைச்சு. நான் உனக்குச் சொல்லேல்லை."

"தெரியும்."

"எப்பிடித் தெரியும்?"

"அவர் முதல் என்னட்டைத்தான் கேட்டவர். நான்தான் அண்ணையைக் கேளுங்கோ எண்டனான்."

"நீ ஒண்டும் சொல்லேல்லையே, பிள்ளை."

"நீங்கள் வந்து கேப்பியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

அவளுடைய குரலில் கோபம் இல்லை. வேலைக் களைப்பில் இருக்கும் குரல்தான்.

"கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?"

"ஓம் எண்டிருப்பன்."

கோட்டை மடித்துப் பையில் வைத்தாள். தொப்பியைத் தேடினாள், அது கதிரையில் கிடந்தது. மேசைக்கு வந்து புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி, சீட்டு ஒட்டிய பக்கத்தைப் பார்த்தாள். பிறகு பின்பக்கங்களைப் பெருவிரலால் ஒருதரம் புரட்டிவிட்டாள்.

"அண்ணை, இந்த மனிசிக்கு ஏழு பிள்ளையள் எண்டனீங்கள். ஏழும் ரெண்டாவது கலியாணத்திலையோ?"

"ஓம்."

"அப்ப இதுக்குள்ளை இருக்கிற இவ்வளவு சனமும் அதுக்குப் பிறகு வந்தவை."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள். படியில் அவள் இறங்கும் சத்தம் கேட்டது. முந்நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய ஒரு பெண்ணுக்காக, முன்பின் தெரியாத ஒரு கிழவரிடம் மூன்று பக்கத்தில் மன்னிப்புக் கேட்டவன் நான். கூடப் பிறந்தவளிடம் ஒரு சொல் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அந்தச் சொல் வந்தபோது கீழே கதவு சாத்தியாகிவிட்டது.